நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் வரும் பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் மகள் அமெரிக்காவில் பொது சுகாதாரம் படிக்கிறாள். சிறுபான்மை இனப் பதின்வயதுப் பிள்ளைகளின் உணவு, உடலுழைப்பு, உடல்நலப் பழக்கங்கள் பற்றி ஆய்வு செய்யப் போகிறாளாம். கறுப்பின, லத்தீன், பூர்வகுடிப் பிள்ளைகளிடம் உடல் பருமனும் சர்க்கரை நோயும் அதிகம் என்கிறாள். இத்தனை வருட ஆராய்ச்சிக்குப் பிறகும் ஏன் குறையவில்லை? அவர்களுடைய கலாசாரம்தான் காரணமா?"

கலாசாரம் காரணம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உங்கள் மகளுக்கு அது போதாது. இந்தத் துறையில் 'கலாசாரம்' என்ற சொல் பெரும்பாலும் ஒரு போர்வை. வருமானம், குடியிருக்கும் பேட்டை, படிக்கும் பள்ளி எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். நான் ஊட்டச்சத்து படித்தவன். பள்ளிப் பிள்ளைகளிடம் உணவுக் கணக்கு எடுக்கும் வேலையைச் சில காலம் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1987இல் தொடங்கிய ஒரு ஆய்வு இருக்கிறது. அதைத் தாண்டாமல் யாரும் இந்தத் துறைக்குள் வர முடியாது. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் பணம் கொடுத்து நடத்தியது. கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட், ஒஹையோவின் சின்சினாட்டி, தலைநகர் வாஷிங்டன் வட்டாரம் என்று மூன்று இடங்கள். 9, 10 வயதுச் சிறுமிகள் 2,379 பேர். அவர்களில் 1,213 பேர் கறுப்பினத்தவர், 1,166 பேர் வெள்ளையர். வருடாவருடம் வரவழைத்து எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்து, மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதச் சொல்லி, பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். சிறுமியாக வந்தவள் வாக்களிக்கும் வயதில் விடைபெற்றுப் போனாள்.

அந்த ஆய்விலிருந்து 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கட்டுரையின் இரண்டு எண்களை இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 16, 17 வயதுக்குள் கறுப்பினச் சிறுமிகளில் 56 சதவீதத்தினரும் வெள்ளைச் சிறுமிகளில் 31 சதவீதத்தினரும் ஓய்வு நேரத்தில் வழக்கமான உடலுழைப்பு எதுவுமே இல்லை என்று சொன்னார்கள். உடலுழைப்புக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் போட்டார்கள்; பத்து வருடத்தில் அதன் நடு அளவு வெள்ளையரிடம் 64 சதவீதம் விழுந்தது, கறுப்பினத்தவரிடம் 100 சதவீதம். நூறு சதவீதம் என்றதும் கடைசிப் பெண்வரை படுத்துவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லோரையும் மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவளின் மதிப்பெண் பூஜ்யம். அவ்வளவுதான். அதுவே அதிர்ச்சிதான்.

இந்தச் சரிவு எதனோடு சேர்ந்து வந்தது என்பதையும் பார்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் எடை கூடுதலாக இருந்தவர்களிடம் சரிவு அதிகம். கறுப்பினச் சிறுமிகளிடம் கர்ப்பம் ஒரு காரணியாகத் தெரிந்தது, வெள்ளைச் சிறுமிகளிடம் சிகரெட். இதை வைத்து எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசியிருக்கிறார்கள்! எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். பதினைந்து வயதில் வாழ்க்கை ஒரு பெண்ணை எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அவள் ஓடுவதும் நிற்பதும். நொறுக்குத்தீனியின் கேடு பற்றி அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் அப்புறம்.

சாப்பாட்டுப் பக்கமும் அதே கதை. வயது ஏற ஏறக் காலை உணவைத் தவிர்ப்பது கூடியது. பால் குறைந்தது, சோடா ஏறியது. இரு இனத்திலும் இப்படித்தான். தொடக்கத்தில் கறுப்பினச் சிறுமிகள் காலை உணவை அதிகம் தவிர்த்தார்கள். ஆனால் வருடங்கள் போகப் போக அந்த வித்தியாசம் சுருங்கியது. வெள்ளைப் பெண்களும் அதே பக்கம் வந்து சேர்ந்தார்கள். இனத்தைப் பார்த்து ஆரம்பித்த கதையை வயது வந்து முடித்துவைக்கிறது. இந்தச் சின்ன விவரத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

இப்போது உங்கள் மகளுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன 56 சதவீதம் கேள்வித்தாளில் கிடைத்த எண். கேட்டது ஓய்வு நேர விளையாட்டு, பயிற்சி பற்றி. டென்னிஸ் வகுப்பு, நீச்சல் வகுப்பு, கால்பந்துக் குழு இருக்கும் பேட்டையில் 'ஓய்வு நேர உடலுழைப்பு' என்றால் பதில் சுலபம். தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, இரண்டு பேருந்து மாறி, மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வரும் பெண்ணின் நாள் அந்தக் கேள்விக்குள் எங்கே வரும்? அவள் 'இல்லை' என்று எழுதுவாள். அவள் பொய் சொல்லவில்லை.

அப்புறம் ஆக்சிலரோமீட்டர் வந்தது. இடுப்பில் கட்டிவிடும் சின்னக் கருவி, உடம்பு அசைவதை நிமிடத்துக்கு நிமிடம் எண்ணும். 2003லிருந்து 2006 வரை தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைக் கட்டிப் பார்த்தார்கள். முதல் செய்தி எல்லோருக்கும் பொதுவானது. 6 முதல் 11 வயதில், நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற பரிந்துரையை எட்டியவர்கள் 42 சதவீதம். 12 முதல் 19 வயதில் வெறும் 8 சதவீதம். இரண்டாவது செய்திதான் பலருக்குச் சங்கடமானது. பையன்களையும் பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் கறுப்பின, மெக்சிகோ வழிப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளைவிடக் குறைவாக அசைகிறார்கள் என்று கருவி சொல்லவில்லை. சற்றுக் கூடுதலாகவே அசைகிறார்கள் என்றது. கேள்வித்தாளும் கருவியும் அளப்பது வேறு வேறு என்பதால் ஒன்று சரி, மற்றது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் 'இவர்கள் சோம்பேறிகள்' என்று வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாதத்துக்கு அதோடு கால் போய்விட்டது.

சரி, கலாசாரத்துக்கு வருவோம். ஒரு இனத்தின் பாரம்பரியம் பிள்ளையைக் குண்டாக்குகிறது என்றால், அந்தப் பாரம்பரியத்துக்கு மிக நெருங்கிய பிள்ளைதான் அதிகம் குண்டாக இருக்க வேண்டும். மெக்சிகோவில் பிறந்து அமெரிக்கா வந்தவனைவிட அமெரிக்காவிலேயே பிறந்தவன் ஒல்லியாக இருக்க வேண்டும். ஆட் ஹெல்த் என்று ஒரு பெரிய தேசிய ஆய்வு 1994-95இல் தொடங்கியது. அதை வைத்து பேரி பாப்கினும் ரிச்சர்ட் உட்ரியும் 1998இல் எழுதிய கட்டுரை நேர் எதிராகச் சொல்கிறது. ஆசிய, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழி) பதின்வயதினரில் அமெரிக்காவில் பிறந்தவர்கள், வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உடல் பருமனுக்கு ஆளாகியிருந்தார்கள். பாட்டி சமைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் தின்றவன் ஒல்லி, பள்ளி கேன்டீனில் வளர்ந்தவன் குண்டு. இதில் எந்தக் கலாசாரத்தைக் குற்றம் சொல்வது?

'ஹிஸ்பானிக்' என்ற பெயரே ஒரு கூடைதான். மயாமியின் கியூபாக்காரர், சான் டியகோவின் மெக்சிகோக்காரர், நியூயார்க் பிராங்ஸின் போர்ட்டோ ரிக்கோக்காரர் எல்லோரும் அதற்குள். பின்னாளில் இந்த மூன்று இடங்களோடு சிகாகோவையும் சேர்த்து 8 முதல் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளைத் தனியாக ஆய்ந்தார்கள். கூடையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற புத்தி அதுவரை பெரும்பாலும் வரவில்லை.

நான் உணவுக் கணக்கு எடுத்த அனுபவத்துக்கு வருகிறேன். '24 மணி நேர ரீகால்' என்பார்கள். நேற்று விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாயில் போட்ட எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்க வேண்டும். ஒரு பதினான்கு வயதுப் பெண். "நேற்று காலையில் என்ன சாப்பிட்ட?" "ஒண்ணுமில்ல." "மதியம்?" "ஆப்பிள்." "சாயங்காலம்?" "சாலட்." சுவரில் நாங்களே ஒட்டிய போஸ்டர் அவள் தலைக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஒரு ஆப்பிளும் ஒரு கிண்ணம் சாலடும். நான் பேனாவை வைத்துவிட்டு, நேற்றுப் பள்ளி விட்டு எப்படி வீட்டுக்குப் போனாய் என்று கேட்டேன். தோழியோடு நடந்ததாம். வழியில் நின்றீர்களா? மூலைக் கடையில் நின்றார்களாம். என்ன வாங்கினீர்கள்? காரமான சீட்டோஸ் நொறுக்குத்தீனி ஒரு பெரிய பாக்கெட், ஒரு பாட்டில் சோடா. தோழிதான் காசு கொடுத்தாள், அதனால் அது 'சாப்பாடு' கணக்கில் வரவில்லை. அந்த ஒரு பாக்கெட்டுக்காக நான் கால் மணி நேரம் பேசினேன். எல்லாப் பிள்ளையிடமும் கால் மணி நேரம் யார் பேசுவார்கள்?

இதை மனதில் வைத்துக்கொண்டு 'பாத்வேஸ்' ஆய்வைப் படிக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே மிக நேர்மையான கட்டுரைகளில் அது ஒன்று. அரிசோனா, நியூ மெக்சிகோ, தெற்கு டக்கோட்டா மாநிலங்களில் ஏழு பூர்வகுடிச் சமூகங்கள், 41 பள்ளிகள், 1,704 பிள்ளைகள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை மூன்று வருடம். பாதிப் பள்ளிகளில் எல்லாம் செய்தார்கள்: வகுப்பில் பாடம், பள்ளிச் சமையலறையில் கொழுப்புக் குறைப்பு, கூடுதல் உடற்பயிற்சி, வீட்டாரோடு நிகழ்ச்சிகள். சும்மா வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. பூர்வகுடிக் கதை சொல்லும் மரபை வைத்துப் பாடம் எழுதினார்கள், அவர்களுடைய பழைய விளையாட்டுகளை உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். பழங்குடி அமைப்புகளோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டார்கள். கலாசாரத்துக்கு ஏற்ற திட்டம் என்றால் இதைவிட அக்கறையாகச் செய்ய முடியாது.

முடிவு 2003இல் வந்தது. உடல் கொழுப்பின் சதவீதத்தில் இரு பக்கப் பள்ளிகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அறிவு கூடியது, மனப்பான்மை மாறியது. 24 மணி நேர ரீகாலில் கேட்டால், திட்டம் நடந்த பள்ளிப் பிள்ளைகள் நாளுக்குச் சாப்பிடும் கலோரி கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் மதிய உணவு மேசை பக்கத்தில் நின்று, தட்டில் என்ன போய் என்ன மிஞ்சியது என்று நேரில் பார்த்துக் கணக்கெடுத்தபோது கலோரியில் வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் சொன்னபடி பார்த்தால் உடலுழைப்பு கூடியிருந்தது. கருவி கட்டிப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றுதான்.

மூன்று வருடம் சொல்லிக்கொடுத்ததில் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டது சரியான பதிலை. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எட்டு, பத்து வயதுப் பிள்ளை, டீச்சர் எதிர்பார்ப்பதைச் சொல்லும். என் எதிரில் இருந்த பதினான்கு வயதுப் பெண் சொன்ன ஆப்பிளும் அதே வகைதான். ஒரே ஒரு விஷயம் மட்டும் உண்மையிலேயே மாறியிருந்தது: பள்ளி மதிய உணவில் கொழுப்பிலிருந்து வரும் பங்கு குறைந்தது. அது சமையலறையில் மாறியது. அதற்குப் பிள்ளையின் மனம் மாற வேண்டியிருக்கவில்லை.

அடுத்து 'ஜெம்ஸ்'. 8 முதல் 10 வயதுக் கறுப்பினச் சிறுமிகளுக்காகவே திட்டமிட்டது. முதலில் நான்கு இடங்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஓக்லண்டில் 261 சிறுமிகளையும், மெம்பிஸில் வேறொரு குழு 303 சிறுமிகளையும் இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். ஓக்லண்டில் பள்ளி விட்டதும் நடன வகுப்பு: ஆப்பிரிக்க நடனம், ஹிப்ஹாப், ஸ்டெப். அதோடு வீட்டில் தொலைக்காட்சி நேரத்தைக் குறைக்கப் பயிற்சி. தாமஸ் ராபின்சன் தலைமை. உடற்பயிற்சி என்ற பெயரே இல்லாமல், பிள்ளை ஆசையோடு வரும் காரியமாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். யோசனை எனக்குப் பிடித்தது. 2010இல் முடிவு வந்தபோது பி.எம்.ஐ.யில், அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் குறியீட்டில், வித்தியாசம் இல்லை. ஆனால் நடனக் குழுவில் கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியிருந்தது, சர்க்கரை நோய்க்கு முன்னறிகுறியான, இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும் நிலை குறைவாக இருந்தது, மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்திருந்தன. மெம்பிஸிலும் பி.எம்.ஐ. அசையவில்லை.

இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. பத்து வயதுச் சிறுமி இரண்டு வருடம் ஆடி மனச்சோர்வு குறைந்து போகிறாள் என்றால், தராசு முள் அசையவில்லை என்பதற்காக அதைக் குப்பையில் போடுவதா? எதை முதன்மை அளவீடாக வைக்கிறோமோ அதுதான் ஒரு ஆய்வின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கும் வயதில் பி.எம்.ஐ.யை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும்.

'ஹெல்தி' ஆய்வு இன்னும் பெரியது. 42 நடுநிலைப் பள்ளிகள், 4,603 மாணவர்கள், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை. பாதிக்கு மேல் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் இருக்கும் பள்ளிகள், அல்லது பாதிக்கு மேல் மானிய உணவுக்குத் தகுதி உள்ள பள்ளிகள். முடிவில் எடை கூடியவர்களின் விகிதம் திட்டப் பள்ளிகளில் சுமார் 4 புள்ளி குறைந்தது. நல்லது என்று கைதட்டப் போனால், ஒன்றும் செய்யாத ஒப்பீட்டுப் பள்ளிகளிலும் அதே அளவு குறைந்திருந்தது. முதன்மைக் கேள்விக்குப் பதில் 'வித்தியாசமில்லை'. இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்று இன்சுலின் போன்ற பக்க அளவீடுகளில் மட்டும் திட்டப் பள்ளிகள் கொஞ்சம் முன்னே இருந்தன.

ஏற்கெனவே இரண்டாம் வகைச் சர்க்கரை வந்துவிட்ட பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 10 முதல் 17 வயதுவரை 699 பேர், 'டுடே' ஆய்வு, 2012இல் முடிவு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. மாத்திரையோடு தீவிரமான வாழ்க்கைமுறைப் பயிற்சியும் சேர்த்த குழுவுக்கு 46.6 சதவீதம். வித்தியாசம் சந்தேகமில்லாமல் சொல்லும் அளவுக்கு இல்லை. தனி ஆளாகப் பயிற்சியாளர் வைத்து, குடும்பத்தையும் சேர்த்துச் செய்தது அது. ஒரு குடும்பம் எவ்வளவு பாடுபட்டாலும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அந்த எண்ணைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

இந்த இடத்தில் தலைமுடி பற்றிப் பேச வேண்டும். சிரிக்க வேண்டாம். கறுப்பினப் பெண்கள் முடியை நேராக்கவும் பின்னவும் பல மணி நேரமும் நிறையப் பணமும் செலவழிக்கிறார்கள். வியர்த்தால் நேராக்கிய முடி மறுபடி சுருண்டுவிடும். காலை இரண்டாவது பீரியடில் உடற்பயிற்சி, குளிக்க நேரம் இல்லை, மூன்றாவது பீரியடில் எல்லோர் முன்னும் உட்கார வேண்டும். பதினைந்து வயதுப் பெண் என்ன செய்வாள்? வயிற்றுவலி என்று ஓரமாக உட்காருவாள். 2012இல் தோல் மருத்துவ இதழில் 103 கறுப்பினப் பெண்களிடம் செய்த ஆய்வு வந்தது. பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் முடியை நினைத்து உடற்பயிற்சியைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் வளர்ந்த பெண்கள். பதின்வயதுப் பெண்களோடு நடத்திய குழு உரையாடல்களிலும் இதே பேச்சு வந்திருக்கிறது. அப்போதைய சர்ஜன் ஜெனரல், அதாவது அமெரிக்க அரசின் தலைமைப் பொது சுகாதார மருத்துவர், ரெஜினா பெஞ்சமின் 2011இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு முடியலங்காரக் கண்காட்சிக்கே போய் இதைப் பேசினார். கேலி செய்தவர்கள் பலர். நான் கேட்பது வேறு. உடற்பயிற்சி வகுப்பைக் கடைசிப் பீரியடுக்கு மாற்ற எவ்வளவு செலவாகும்? முப்பது வருடம் சிறுமிகளின் ஆர்வமின்மையை அளந்தவர்களில் எத்தனை பேர் பள்ளியின் கால அட்டவணையைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்?

நம்பிக்கை என்று இன்னொரு விஷயம் இருக்கிறது. உங்கள் மகள் பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கப் போகும்போது சிலர் கதவைத் திறக்க மாட்டார்கள். அதைச் 'சிறுபான்மையினரின் ஆர்வக் குறைவு' என்று எழுதிவிட வேண்டாம். கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் ஹவசுபாய் மக்கள் ஒரு காலத்தில் சர்க்கரை நோயால் மிகவும் அல்லல்பட்டார்கள். 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்காக அவர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். அந்த இரத்தத்தைப் பிறகு மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கும், அந்த இனம் எங்கிருந்து குடிபெயர்ந்தது என்று கண்டுபிடிக்கவும் பயன்படுத்தினார்கள். தாங்கள் கேன்யனில்தான் தோன்றினோம் என்று நம்பும் மக்களிடம், இல்லை, நீங்கள் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள் என்று அவர்கள் இரத்தத்தை வைத்தே சொன்னார்கள். வழக்கு நடந்து, 2010இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஊரில் அடுத்த ஆய்வாளர் கதவைத் தட்டினால் என்ன பதில் வரும்?

சரி, எதுதான் வேலை செய்தது என்று கேட்பீர்கள். எண்கள் உண்மையில் அசைந்த இடங்கள் சில உண்டு. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சாயல் தெரிகிறது. 2010இல் ஒபாமா ஆட்சியில் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. 2012-13 கல்வியாண்டிலிருந்து பள்ளி மதிய உணவில் பழம், காய்கறி, முழு தானியம் கட்டாயம், கலோரிக்கு மேல்வரம்பு. 2014-15லிருந்து உப்புக்கும் கட்டுப்பாடு. பிள்ளைகள் தூக்கிப் போடுகிறார்கள், வீணாகிறது என்று பெரிய சத்தம் எழுந்தது. 2020இல் ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் வந்த ஆய்வு, எல்லாப் பிள்ளைகளையும் மொத்தமாகப் பார்த்தபோது உடல் பருமனில் பெரிதாக ஒன்றும் காணவில்லை. ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மட்டும் தனியே பார்த்தால், சட்டத்துக்குப் பிறகு உடல் பருமன் ஆபத்து வருடாவருடம் இறங்கியிருந்தது. சட்டம் வராமல் இருந்திருந்தால் 2018இல் அந்தப் பிள்ளைகளிடம் உடல் பருமன் 47 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியை நம்பியிருக்கும் பிள்ளையிடம்தான் பலன் தெரியும். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரும் பிள்ளைக்கு எந்தச் சட்டமும் ஒன்றுதான்.

இன்னொன்று பெர்க்லி நகரத்தின் சோடா வரி. 2014இல் மக்கள் வாக்களித்தார்கள், அடுத்த வருடம் அமலுக்கு வந்தது. ஏழைப் பேட்டைகளில் கேட்டுப் பார்த்தபோது, சர்க்கரைப் பானம் குடிப்பது பெர்க்லியில் 21 சதவீதம் குறைந்திருந்தது. பக்கத்து ஓக்லண்டிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அதே காலத்தில் 4 சதவீதம் கூடியிருந்தது. இதுவும் கேட்டு வாங்கிய பதில்தான் என்பதை மறக்க வேண்டாம், மேலே நானே அதைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, பேட்டை மாற்றம். 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் நகரங்களின் மிக ஏழ்மையான பொதுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கிப் போட்டு, சிலருக்கு வறுமை குறைந்த பேட்டைக்கு மாற வாடகைச் சீட்டுக் கொடுத்தார்கள். உணவுப் பாடம் இல்லை, உடற்பயிற்சி வகுப்பு இல்லை, வீடு மட்டும் மாறியது. பத்து வருடத்துக்குப் பிறகு அளந்தபோது, சீட்டுக் கிடைத்த பெண்களிடம் தீவிர உடல் பருமனும் சர்க்கரை நோயும் தலா 4 புள்ளிக்கு மேல் குறைவாக இருந்தன. இது தாய்மார்களிடம் அளந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் இதே முடிவு என்று உங்கள் மகள் தாவிவிடக் கூடாது.

நம் ஆட்களுக்கும் இதில் ஒரு இடம் உண்டு. அமெரிக்கப் படிவத்தில் உங்கள் மகள் 'ஆசியர்' என்ற கட்டத்தில் குறி போடுவாள். அந்தக் கட்டத்தில் உடல் பருமன் விகிதம் மிகக் குறைவு, அதனால் பிரச்சினை இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது. அமெரிக்கவாழ் தெற்காசியரின் இதய நோயை ஆராயும் ஒரு ஆய்வுக்கு 'மசாலா' என்று பெயர்ச்சுருக்கம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். லண்டன், பர்மிங்காம், லெஸ்டர் நகரங்களின் 200 தொடக்கப் பள்ளிகளில் 2004 முதல் 2007 வரை 9, 10 வயதுப் பிள்ளைகளை அளந்தார்கள். தெற்காசியப் பிள்ளைகளிடம் இன்சுலின் அளவு கூடுதல். ஒரே பி.எம்.ஐ.யில் வெள்ளைப் பிள்ளையைவிட உடலில் கொழுப்பு அதிகம். கருவி கட்டிப் பார்த்தபோது உடலுழைப்பும் குறைவு. இங்கே கேள்வித்தாள் இல்லை, கருவியே சொல்கிறது. நம் வீடுகளில் பிள்ளை சனிக்கிழமை காலையில் எங்கே போகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் 'தெற்காசியர்' கூடைக்குள் குஜராத்திப் பிள்ளையும் வங்கதேசப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஒன்றாகத்தான் கிடக்கிறார்கள், அதைப் பிரிக்கும் வேலை இன்னும் பாக்கி.

அதனால் மகளிடம் சொல்லுங்கள். 'இந்தப் பிள்ளைகளின் மனப்பான்மை' என்று தலைப்பு வைக்க வேண்டாம். அந்த அலமாரி நிரம்பிவிட்டது. ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளட்டும். உடற்பயிற்சி எந்தப் பீரியட், அதற்குப் பிறகு குளிக்க எத்தனை நிமிடம், கேன்டீனில் ஒரு தட்டுக்கு எவ்வளவு, மூன்று மணிக்கு மணி அடித்ததும் வாசலிலிருந்து எந்தக் கடை பக்கம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளட்டும். கேள்வித்தாள் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கூடவே கருவியும் கட்டட்டும். முடியாவிட்டால் மதிய உணவு மேசை பக்கத்தில் ஒரு வாரம் நிற்கட்டும். எதற்கும் முன்னால் பாத்வேஸ் முடிவுகளில் பிள்ளைகள் வாயால் சொன்னதையும் கண்ணால் பார்த்துக் கணக்கெடுத்ததையும் ஒரே தாளில் இடமும் வலமுமாக எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.